வளைவுக்குக் கீழே எடுத்த முப்பத்தொரு படம்

ஃபோபோர்,
ஏப்ரல் 16, புதன்கிழமை.

பிரியமுள்ள தங்கை வீபெக்கேவுக்கு, உன் உடன்பிறந்த அண்ணன் தோர்கில் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் நாயும் சுகம். நாய்க்கு மட்டும் உன் வீட்டுப் பக்கம் போக முடியவில்லையே என்று ஏக்கம். அவ்விடம் நீயும், சரி, மாப்பிள்ளை மோகென்ஸும் சுகமாக இருக்க வேண்டும். பதினொரு நாளாக நீ என் போனை எடுக்காத காரணத்தால், முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற இந்தக் கை பேனாவைப் பிடிக்க நேர்ந்திருக்கிறது. கிழித்துப் போடாமல் கடைசிவரை படிக்கவும்.

உங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் காலையில், தெருவே திரண்டு வந்து வாசலில் பச்சைத் தழையில் வளைவு கட்டி, ஏழு மணிக்குப் பாட்டுப் பாடி உங்களை எழுப்பியதும், நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து வெளியே வந்த அந்த நிமிஷம் ஒரு படத்தில்கூட இல்லாமல் போனதும் உண்மைதான். அடுத்த வளைவு ஐம்பதாம் வருஷத்துக்குத்தான், அப்போது எனக்குத் தொண்ணூற்று மூன்று. முன்பு பன்னிரண்டரை வருஷம் முடிந்ததற்கு நம் ஊர் வழக்கப்படி பாதி வளைவு கட்டினபோது காமிராவில் ஃபிலிம் போட மறந்தவனும் நானேதான், மறுக்கவில்லை. அந்தக் கறையைத் துடைக்கத்தானே அம்மா, புது டிஜிட்டல் காமிரா வாங்கி, மாலை வகுப்பில் சேர்ந்து, மழையென்றும் பாராமல் சைக்கிளில் போய்ப் படித்தேன்!

வகுப்பு எடுத்த யோர்டிஸ் அம்மாவையும் நீ கொஞ்சம் விசாரிக்க வேண்டும். வெளிச்சம் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும், முகத்தைக் கொண்டுபோய் நட்ட நடுவுல வைக்காதீங்க, யாரோட காலையும் கணுக்காலோட வெட்டிடாதீங்க, ஆளோட கண்ணையே பாருங்க, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அழுத்துங்க, ஒவ்வொரு தடவையும் திரையை எட்டிப் பார்க்காதீங்க, அதுக்குள்ள நல்ல படம் கைநழுவிப் போயிடும் என்று அந்த அம்மா சொன்ன அத்தனையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறாவது வகுப்பில், உங்களை நீங்களே எடுத்துட்டு வாங்கன்னு வீட்டுப்பாடம். பொத்தானை அழுத்திட்டு நாம ஓடிப்போய் உட்கார்ந்துக்கலாம், காமிரா பத்து விநாடி கழிச்சுத் தானா எடுத்துக்கும், அப்படி ஒரு வசதி இருக்கு. நானும் நாயும் சோபாவுல உட்கார்ந்து எடுத்தோம், பிரமாதமா வந்தது. வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் பழையபடி திருப்பி வச்சிடுங்கன்னும் சொல்லியிருக்காங்க. ஆனா அது நோட்டுல அடுத்த பக்கத்துல இருந்தது.

இப்ப அந்தக் காலைக்கு வருவோம். பாட்டரி ஏத்தியாச்சு, உள்ளே கார்டு இருக்கான்னு மூணு தரம் திறந்து பார்த்தாச்சு. கொடி பறக்குது, எதிர்வீட்டு ஹென்னிங் தன்னோட பெரிய ஊதுகுழலை ஊதறான், நாங்க பாடறோம், கதவு திறக்குது. நீ பூப்போட்ட இரவு உடுப்புல, மாப்பிள்ளை கோடுபோட்ட பைஜாமாவுல. உன் கண்ணைப் பார்த்தேன், மூச்சைப் பிடிச்சேன், அழுத்தினேன். சத்தமே இல்லை. தேவாலயத்துல எடுக்கணும்னா உதவுமேன்னு நான்தானே சத்தத்தை அணைச்சு வச்சேன்னு, காமிராவை இறக்கிட்டு இடம் மாறி நின்னு மறுபடி அழுத்தினேன், மறுபடி இறக்கினேன். நான் இறக்கின பிறகு அது பொறுமையா பத்து எண்ணி எடுத்துக்கிட்டிருக்குன்னு நான் கண்டேனா? மாப்பிள்ளை அப்பவே கேட்டான், "மச்சான், காமிரா முன்னாடி ஏதோ சிவப்பு விளக்கு மின்னுதே, அது எதுக்கு?"ன்னு. "உனக்கு எதுக்குய்யா அந்த ஆராய்ச்சி? நீ சிரி!"ன்னுட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு, உள்ளே போய் இன்னொரு தரம் எழுந்து வாங்கன்னு உங்களை அனுப்பினேன், அப்புறம் இன்னொரு தரம். மூணாவது தரம் பாடும்போது பாதிப் பேருக்குக் குரலே வரலை. "யப்பா தோர்கில், உறைபனியில என் உதடு குழலோட ஒட்டிக்கும் போலிருக்கு, சீக்கிரம் முடிடா!"ன்னு ஹென்னிங் கத்தினான்.

அப்புறம் உள்ளே வந்து, சுடச்சுட பன்னும் அந்தக் கசப்பு மதுவும் வச்சு எல்லாரும் மேசையைச் சுத்தி உட்கார்ந்து, எங்கே காட்டு காட்டுன்னு கேட்டப்பதானே நானே முதல் தடவையா திரையைப் பார்த்தேன். முப்பத்தொரு படம். மழைத்தண்ணிக் குழாய், வேலிச்செடி, ஹென்னிங்கோட தொப்பை ரெண்டு தடவை, என் மூக்குத்துவாரம், உன் வீட்டு வாசப்படி, அதுக்கு மேல ஓட்டத் தைரியம் வரலை. நீ அழ ஆரம்பிச்சே. நான்தான் பதட்டத்துல, "மாப்பிள்ளை மரக்கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னா காமிரா என்ன பண்ணும்?"னு கேட்டுத் தொலைச்சேன். "அண்ணா, நீ முதல்ல வெளியே போ"ன்னே. கையில இருந்த பன்னோட வெளியே வந்தேன். அந்தப் பன்னை இன்னிக்கு வரைக்கும் சாப்பிட மனசு வரலை, வீபெக்கே.

இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அந்த ஆள்கிட்ட ஈரம் கிடையாதுன்னு இருபத்தஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். உன் கையைப் பிடிச்சு நான் ஒரு நாள் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்குப் பெண்டாட்டிக்கு யாராவது ஏணி வாங்கிக் குடுப்பாங்களா? சரி, அது உன் பாடு. என் பங்குக்கு, இனிமேல் காமிராவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை தேவாலயத்துப் பழைய சாமான் சந்தைக்குக் கொடுத்துவிடப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காப்பிக்கு நீ வந்தால், மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். மாப்பிள்ளைக்கு வேறு வேலை இருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

உன் வீட்டில் என்றும் சிரிப்பும் சூடான காப்பியும் குறையாதிருக்க ஆசீர்வதித்து, நாயின் சார்பிலும் அன்பைத் தெரிவித்து,

உன் அண்ணன்,
தோர்கில்.

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்கு முன்னாடி, சந்தைக்குக் குடுக்கப்போற கார்டைத் துடைச்சிடலாம்னு படங்களைப் பெருசு பண்ணி ஒண்ணொண்ணாப் பார்த்தேன். பத்தொன்பதாவதுல கை நின்னுடுச்சு. உன் வாசப்படி. படியெல்லாம் வெள்ளையா உறைபனி. நாலு கால், ஒண்ணும் வெட்டுப்படலை. உன் காலுல மாப்பிள்ளையோட பெரிய மரச்செருப்பு. அவன் வெறுங்காலோட பனியில நிக்கறான், ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல வச்சுக்கிட்டு. பதினொண்ணாவதுலயும் அப்படித்தான், இருபத்தாறுலயும் அப்படித்தான். நான் மூணு தரம் வரச் சொன்னேன், அவன் மூணு தரமும் செருப்பை உனக்குக் குடுத்துட்டு நின்னிருக்கான், ஒரு வார்த்தை சொல்லலையே பாவி! விறைக்காம என்ன பண்ணுவான்? நான் உங்க கண்ணையே பார்த்துக்கிட்டிருந்தேன். அதனால மேலே அவனைப் பத்தி எழுதினதை எல்லாம் நீயே அடிச்சிடு. ஏணி மட்டும் இருக்கட்டும். காமிராவை யாருக்கும் குடுக்கறதா இல்லை. படத்தைப் பெருசா போடக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை உனக்கு வர மனசில்லைன்னாலும் பரவாயில்லை, மாப்பிள்ளையைக் கட்டாயம் அனுப்பு. கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி வாங்கி வச்சிருக்கேன்.