எதிர் நாற்காலிக்காரர்

"மிக்ஸியை நிறுத்திட்டியா? நிறுத்தலாம்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

சமையலறை வாசலில் நின்று கன்ட்ரோல்காரர் இப்படிக் கேட்டதுதான் தாமதம், மிக்ஸியோடு சேர்த்து அவர் மனைவி பேச்சையும் நிறுத்திவிட்டாள். அன்று பகல் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை.

கன்ட்ரோல்காரர் என்பது தெரு வைத்த பெயர். மனுஷன் மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் தலை நரைக்கிற வரைக்கும் வேலை பார்த்துவிட்டு, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அந்த அறைக்கென்று ஒரு முறை உண்டு. நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் சொல்வதுதான் உத்தரவு. நீ யார், உன் பேர் என்ன என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லி, 'சரி' என்று முடித்துவிட்டு, அப்புறம்தான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். இந்தப் பழக்கத்தைக் கடைசி நாளன்று அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். பாவி மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீடு இத்தனை நாளும் அவர் மனைவியின் தொழிற்கூடம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கூடத்து ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், அதைச் சுற்றித் துணி மூட்டைகள். அதற்கு நடுவே இப்போது காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒரு ஆள் நின்றுகொண்டு, "கத்தரிக்கோல் எடுக்கிறே. சரி," என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது?

மறுநாள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் அவர் காதில் அது விழுந்தது. மனைவி உள்ளே மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பேன் கண்ணு. யாரோ டாக்டர் இருக்காங்களாம், ரிடையர் ஆன புருஷன் பொண்டாட்டிக்குன்னே. அங்க போயும் சரியாகலைன்னா நான் உன்கிட்ட வந்துடுறேன். இவர் தனியா இருந்து பழகட்டும்."

கையிலிருந்த சட்டை தெருவில் விழுந்தது. தனியாகவா? இந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. உப்பை விடுங்கள், அவள் இல்லாமல் சாயங்காலம் என்கிற ஒன்று எப்படி வரும் என்றே அவருக்குப் புரியவில்லை.

ஆகவே, "டாக்டர்கிட்ட போலாமா?" என்று அவள் கேட்டதும், "டாக்டர்கிட்ட போலாம். சரி," என்று ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆலோசனை மையம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதல்ல அம்மா மட்டும் உள்ள போங்க. சார், நீங்க அந்த ரூம்ல போய் உட்காருங்க."

தனித்தனியாகப் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் அந்த அறைக்குள் போனார். எதிரும் புதிருமாக இரண்டு மெத்தை நாற்காலிகள். நடுவில் ஒரு குட்டி மேஜை, அதன்மேல் மூக்குத் துடைக்கும் காகிதப் பெட்டி. ஓரமாக ஒரு மீன்தொட்டி. எதிர் நாற்காலியில், வெள்ளைத் தாடியும், கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடியும், மடியில் தோல் பையுமாக ஒரு பெரியவர்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் அவர்தான் டாக்டர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"வாங்க," என்றார் டாக்டர்.

"வாங்க. சரி," என்று உட்கார்ந்தார் கன்ட்ரோல்காரர்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. டாக்டர் மீனைப் பார்த்தார். இவரும் மீனைப் பார்த்தார். மீன் இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இப்படிப் பேசாமல் உட்கார்ந்தே உள்ளே இருப்பதைக் கறந்துவிடுவார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

"நீங்களே ஆரம்பிங்க சார்," என்றார் டாக்டர் கடைசியில்.

"நானே ஆரம்பிக்கணும். சரி. எனக்குப் பயமா இருக்கு சார். என் வீட்டம்மா என்னை விட்டுட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவாளோன்னு பயம்."

டாக்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "போயிடுவாங்களா? அந்த அளவுக்கு வருமா?"

"அந்த அளவுக்கு வருமான்னு கேக்குறீங்க. சரி. வரும் சார். என் காதால கேட்டேன்."

டாக்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார். ஐயோ, கேட்டதுமே டாக்டருக்கே வேர்க்கிறதே, அவ்வளவு முற்றிப்போன கேஸா என்று கன்ட்ரோல்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"கூடமாட வேலை செஞ்சா...?" என்று இழுத்தார் டாக்டர்.

"கூடமாட வேலை செய்யணும். சரி."

"அப்போ செஞ்சிடலாம்கிறீங்க?"

"செஞ்சிடலாம். சரி."

டாக்டர் பலமாகத் தலையாட்டினார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பேசினது நமக்குள்ளயே இருக்கட்டும். வீட்ல தெரிஞ்சா வம்பு."

"நமக்குள்ளயே இருக்கட்டும். சரி."

மறுநாள் காலை, மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் பாத்திரங்களையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். அதில் ஒரு இரும்புச் சட்டி அட்டைக் கறுப்பாக இருந்தது. கம்பிநாரைப் போட்டு, தோள்பட்டை கழன்றுவிடும்போல் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். கல்யாணமான புதிதில் வாங்கிய சட்டி அது. எண்ணெய் காட்டிக் காட்டி, ஒட்டாமல் பழக்க அவளுக்கு எத்தனையோ வருஷம் பிடித்திருந்தது.

அவள் சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"பரவாயில்லை," என்றாள்.

கத்தியிருந்தால் தைரியமாக இருந்திருப்பார். இந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

அடுத்த தடவை போனபோது விஷயத்தைச் சொன்னார். டாக்டர் உச்சுக் கொட்டினார்.

"இரும்புச் சட்டியைத் தேய்ச்சா இப்படி ஆகும்னு எனக்கும் தெரியாமப் போச்சே சார்!"

படித்த மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று கன்ட்ரோல்காரர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து பெண்கள் பேசும் சத்தமும், நடுவில் ஒரு சிரிப்பும் கேட்டன. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியதும் பயம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

"கண்ணுலயே படாம இருந்துட்டா?" என்றார் டாக்டர்.

"கண்ணுல படாம இருக்கணும். சரி."

மறுநாளே தன் குடியிருப்பின் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். காலையில் போனால் சாப்பாட்டுக்கு ஒரு எட்டு உள்ளே வருவார், மறுபடி போய்விடுவார். படியேறும் ஜனங்கள் அவருக்காக ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். கீழ் வீட்டு டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேராக வந்து கதவைத் தட்டினாள்.

"ஏங்க, சாரை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டீங்களா? வயசான காலத்துல பாவமில்லையா?"

மனைவிக்கு மானம் போயிற்று. டீச்சரை அனுப்பிவிட்டுப் படிக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னைக் கொடுமைக்காரின்னு ஊர் முழுக்கப் பேச வைக்கணும், அதானே உங்களுக்கு?"

"இல்லம்மா..."

"எழுந்திரிச்சு உள்ள வாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் பரணிலிருந்து பெட்டி கீழே இறங்கியது. அவள் அதைத் தூசி தட்டி, திறந்து, காற்றுப் படும்படி பால்கனியில் வைத்தாள். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் தடவை டாக்டருக்குக் கடும் ஜலதோஷம். தும்மித் தும்மிக் காகிதப் பெட்டியைப் பாதி காலி பண்ணியிருந்தார்.

"மொட்டை மாடிப் பனியில உட்கார்ந்து..." என்று ஏதோ முனகியவர், "ஒரு இன்ப அதிர்ச்சி?" என்றார் மூக்கைச் சிந்தியபடி.

"இன்ப அதிர்ச்சி கொடுக்கணும். சரி."

அவள் நூல் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டார். மெஷின் அழகாகத்தான் ஓடியது. ஓடுகிறதா என்று பார்க்க ஒரு துணி வேண்டியிருந்ததே, அங்கேதான் சனியன் பிடித்தது. பக்கத்தில் மடித்து வைத்திருந்த சந்தன நிறத் துணியை எடுத்து ஊசிக்கு அடியில் விட்டார். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. சோப்புப் போட்டார், சொட்டு தட்டளவு ஆனது. சலவைத்தூளைக் கொட்டினார், தட்டளவு இடத்தில் நிறமே போயிற்று. பதறிப்போய் துணியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நாளிதழை எடுத்து விரித்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்தார். நாளிதழ் தலைகீழாக இருந்தது.

நூலோடு மனைவி வந்தாள். அவள் பின்னாலேயே ஹோட்டல் மேனேஜரும் வந்தாள்.

"அக்கா, திரை ரெடியா? சாயங்காலம் மாட்டணும்."

தேடினார்கள். பீரோவில், மூட்டைக்குள், மெஷினுக்குப் பின்னால். கட்டில் பக்கம் வந்தபோது கன்ட்ரோல்காரர் காலை நீட்டி மறைத்துக்கொண்டார். அதுதான் காட்டிக்கொடுத்தது.

மேனேஜர் போனதும் மனைவி பால்கனியிலிருந்த பெட்டியை உள்ளே எடுத்துவந்து, புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போறே?" என்றார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்ல. அங்கிருந்தே கிளம்புறேன்."

மறுநாள் அந்தப் பெட்டியை அவரேதான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெட்டி கனமில்லை, ஆனாலும் ஒவ்வொரு படியிலும் இறக்கி வைத்து இறக்கி வைத்துத்தான் ஏறினார். வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வேறொரு பெட்டியும் இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

அறைக்குள் போனவர் உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், சட்டியைத் தேய்ச்சேன், படியில உட்கார்ந்தேன், இன்ப அதிர்ச்சியும் கொடுத்தேன். இப்போ பெட்டியைக் கட்டிட்டா. அவ போயிட்டா நான் செத்தேன் சார். எனக்கு அவளை விட்டா யாரையும் தெரியாது. என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படியே செய்றேன்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். உதடு துடித்தது. தாடி நடுங்கியது. அடுத்த நிமிஷம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தார்.

"கை மீறிப் போச்சு சார்... எல்லாம் கை மீறிப் போச்சு..."

கன்ட்ரோல்காரரால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு உத்தரவுக்கு 'சரி' வரவில்லை. டாக்டரே அழுகிற அளவுக்கா என் நிலைமை? அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்.

அதே நேரம் உள்ளறைக் கதவும் திறந்தது. அவர் மனைவி, கூடவே பருத்த ஒரு அம்மாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"போகாதேம்மா! சட்டியைத் தொட மாட்டேன். மெஷின் பக்கமே வர மாட்டேன். மிக்ஸியை நீ எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கோ!"

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய், வேறு ஏதோ வந்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"பொண்ணு வீட்டுக்குன்னா நினைச்சீங்க? நானும் இந்தம்மாவும் கடலோரமா நாலு நாள் இருந்துட்டு வர்றோம். காத்து வாங்கிட்டு வந்தா கோபம் அடங்கும்னு டாக்டர்தான் சொன்னாங்க. இத்தனை வருஷம் நீங்க ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தவ நான். வீடு வந்து சேர்ந்த மனுஷனை விட்டுட்டா போவேன்?"

கன்ட்ரோல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்து, வரவேற்பு மேஜைப் பக்கம் திரும்பினார்.

"அம்மாடி, அந்த ரூம்ல டாக்டர் தேம்பித் தேம்பி அழறார். என் கதையைக் கேட்டுத்தான். நல்ல மனுஷன். அவருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டுபோய்க் கொடும்மா."

அந்தப் பெண் அறையைப் பார்த்தாள், பருத்த அம்மாளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா உள்ள இருக்காங்க சார், அது வெயிட்டிங் ரூம், அங்க அழறது இந்தம்மாவோட வீட்டுக்காரர், உங்க ரெண்டு பேரையும் டாக்டரம்மா இன்னும் கூப்பிடவே இல்லை, அப்புறம் ஏன் அவர், 'எதிர் நாற்காலி டாக்டர் சரின்னு சொன்னதையெல்லாம் செஞ்சேன், பொண்டாட்டி பெட்டியைக் கட்டிட்டா'ன்னு காலையிலிருந்து எங்கிட்ட புலம்புறார்னு இப்பத்தான் எனக்குப் புரியுது!"