ஆறு பேருக்கு ஒரு மேசை

மேசைப் படம் லண்டன்காரனுக்குப் போகவில்லை. ‘கலியாண வேலை’ குழுவுக்குப் போயிருந்தது.

பஸால் கைபேசியைப் பார்த்தான். மாமா, மாமி, மனைவி ஸகியா, அவளுடைய சாச்சாமார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இரண்டு பேர், சமையற்காரர். எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். வருகிற ஞாயிறு ஸகியாவின் தங்கைக்குக் கலியாணம்.

படத்தை அழிக்கப் போனான். அவசரத்தில் ‘எனக்கு மட்டும் அழி’ என்பதில் விரல் பட்டுவிட்டது. இப்போது குழுவில் அந்தப் படம் இல்லாத ஒரே ஆள் பஸால்தான்.

அது துபாயில் உள்ள ஒரு நைட் கிளப்பின் வரைபடம். கறுப்பு நிலத்தில் பொன்னிற வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு மேசை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஆறு என்ற இலக்கம். முன் வரிசைக்கு மேலே ‘வீ.ஐ.பி’. நடுவில் ‘டீஜே’. ஓரச் சுவரோடு நீளமாக ஒரு பெட்டி. அதற்குள் ‘பார்’.

பஸாலின் வேலை இதுதான். கிழக்கிலங்கைக் கல்முனைக்குடியில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு, துபாய்க் கிளப்புகளில் பணக்காரர்களுக்கு மேசை பிடித்துக் கொடுப்பது. எந்த மேசைக்கு எத்தனை போத்தல் கட்டாயம், எந்தப் போத்தலை மத்தாப்புக் கொளுத்திக்கொண்டு வருவார்கள், எந்த மூலையில் ஏசிக் காற்று பிடரியில் அடிக்கும், எல்லாம் அவனுக்கு அத்துபடி. அவன் ஒரு நைட் கிளப்புக்குள்ளும் கால் வைத்ததில்லை. சோடா குடித்தாலே அவனுக்கு ஏப்பம் வரும்.

வீட்டில் ‘ஹோட்டல் ரிசர்வேஷன்’ என்று சொல்லியிருந்தான். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அந்த ஊரில் ஆண் கலியாணம் முடித்தால் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். வீடு ஸகியாவின் பெயரில். கட்டியவர் அவளுடைய வாப்பா, பஸாலின் மாமா பதியுதீன் ஹாஜியார், பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர், வெளிநாட்டில் உழைத்து வந்தவர். மருமகன் போத்தல் வியாபாரத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் அவர் சத்தம் போடமாட்டார். பெட்டியை எடுத்து வாசலில் வைப்பார். அவ்வளவுதான்.

“மகன்!” முன்வளவிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. “இஞ்ச கொஞ்சம் வாங்க.”

பஸால் கைபேசியைக் கையில் பிடித்தபடியே போனான்.

மாமா மரத்தடிக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் மீராசாஹிபு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாமாவின் கைபேசியை முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதென்ன படம் தம்பி?” என்றார் அதிபர்.

பஸால் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார்.

“சேர், இது தெரியலியா?” என்றார் மாமா. “கலியாணத்துக்குச் சஹன் வைக்கிற பிளான். ஒவ்வொரு வட்டத்திலயும் ஆறு எண்டு கிடக்கு, பாருங்க. சஹனுக்கு ஆறு பேர்தானே.”

பஸாலின் உடம்பில் உயிர் திரும்பியது. ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றிப் பாயில் இருந்து சாப்பிடுவதுதான் சஹன். அந்தப் படத்தை அந்த ஊரில் யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

“ஓம் மாமா, சஹன்தான்,” என்றான்.

“நடுவில டீஜே எண்டு கிடக்கே?” அதிபர் விடவில்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண்.

“அது மௌலவி இரிக்கிற இடம்,” என்றார் மாமா.

“மௌலவிக்கு டீஜே எண்டா பேர்?”

“கம்ப்யூட்டர்ல கிடந்த படம் சேர்,” என்றான் பஸால். “பேர் மாத்த மறந்திட்டன்.”

“சரி. இந்தப் பார்?”

பஸால் மாமாவைப் பார்த்தான். மாமா தாடியைத் தடவினார்.

“சர்பத் குடுக்கிற இடம்.”

“அப்ப சர்பத் எண்டு எழுதினா என்ன?”

“எழுதினா ஒருத்தனும் சஹனுக்குப் போகமாட்டான் சேர். எல்லாரும் அதிலதான் நிப்பானுகள்.”

அதிபர் யோசித்தார். சரி என்று பட்டிருக்க வேண்டும். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல பிளான்தான்,” என்றார். “அப்ப சஹன் பொறுப்பு முழுக்க உங்கட மருமகன்தான்.”

“வேற யாரு?” என்றார் மாமா.

பின்னறைக்கு வந்ததும் பஸால் கதவைச் சாத்திவிட்டு ஒரு தடவை அல்ஹம்துலில்லாஹ் சொன்னான். பிறகுதான் உறைத்தது. இனி அந்த நைட் கிளப் தன் வீட்டு முன்வளவில் எழும்பப் போகிறது.

அடுத்த நாளே தொல்லை தொடங்கிவிட்டது. யாருக்கு முன் சஹன், யாருக்குப் பின் சஹன் என்று ஆட்கள் அவனைத் தேடி அழைத்தார்கள். ஒருவருடைய மருமகன் டொக்டர். இன்னொருவர் மாகாண சபைத் தேர்தலில் கேட்டுத் தோற்றவர். பஸாலுக்கு இதொன்றும் புதிதில்லை. எல்லாருக்கும் டீஜேக்குப் பக்கத்தில்தான் வேண்டும்.

அதே நேரம் துபாயில், மேசை கேட்ட வாடிக்கையாளன் லண்டன்காரன் நின்றான். பன்னிரண்டு பேர், அத்தனையும் ஆண்கள். பெண்கள் இல்லாத கூட்டத்துக்கு மேசை தரமுடியாது என்று கிளப் சொல்லிவிட்டது. பஸால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் அவனோடு மல்லுக்கட்டினான். முடித்ததும் அடுத்த அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் மச்சான் ஸஜாத்.

“மச்சான், எங்கட பக்கத்தால பன்னிரண்டு பேர். முன்னுக்கு இடம் வேணும்.”

“எத்தனை பொம்பிளை?” என்றான் பஸால்.

“என்னது?”

“பன்னிரண்டும் ஆம்பிளையெண்டா முன்னுக்குத் தர ஏலா. நாலு பொம்பிளையாவது கலந்து வரோணும்.”

“நாலு பொம்பிளையா?” என்றான் ஸஜாத். பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பஸால் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தான். என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவன் காதுக்கே கேட்டது.

சற்று நேரத்தில் ஸகியா ஓடிவந்தாள்.

“மாப்பிள்ளை வீட்டாரிட்ட என்ன கதைச்சீங்க? கலியாணத்த நிப்பாட்டப் போறாங்களாம். உம்மா அழுறா.”

நடு அறையில் மாமி ஆயிஷா உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணப்பெண் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டாள். மாமா ஸஜாத்தோடு கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மகன், நீங்க பிழையா விளங்கிட்டீங்க. பொம்பிளைப் பக்கம் சஹன் கூடுதலாக் கிடக்கு, ஆக்கள் காணா. ஆம்பிளையள் மட்டும் வராம வீட்டுப் பொம்பிளையளையும் கூட்டி வாங்க எண்டுதான் மருமகன் சொல்லியிருக்கார். ஓம், ஓம். அவருக்கு உபசரிப்புக் கூட. கதைக்கத்தான் தெரியா.”

மாமா கைபேசியை வைத்தார். பஸாலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

“முப்பது பொம்பிளையள் வாறாங்களாம். சஹன் கூட்டோணும். ஆதம்பாவாட்டச் சொல்லுங்க.”

ஆதம்பாவா சஹனும் பாயும் வாடகைக்குக் கொடுப்பவர். பஸால் அவரை அழைத்துச் சொன்னான். “ஓம் தம்பி, ஓம்,” என்றார். எதற்கும் மறுப்புச் சொல்லாத மனிதர்.

அன்றைக்கு ஒரு நன்மையும் நடந்தது. சஹன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது பஸாலுக்கு ஒன்று தோன்றியது. பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு சஹன். கிளப்புக்கு எழுதினான்: ஒரு மேசை வேண்டாம், ஆறாறு பேராக இரண்டு மேசை. இரட்டை வருமானம் என்றதும் கிளப் பெண்களை மறந்துவிட்டது. லண்டன்காரன் கைகூப்பும் படங்களாக அனுப்பினான்.

அந்த உற்சாகத்தில்தான் பஸால் பெரிய பிழையை விட்டான்.

வருகிறவர்களுக்கு அவரவர் சஹன் இலக்கத்தை அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக எழுத எங்கே நேரம்? தான் வேலை பார்க்கும் கம்பனி வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஆங்கில அறிவித்தலை எடுத்தான். கைபேசியே அதைத் தமிழாக்கியது. ‘மேசை’யைச் ‘சஹன்’ ஆக்கினான். போத்தலை வெட்டினான். மத்தாப்பை வெட்டினான். கடவுச்சீட்டை வெட்டினான். எல்லாருக்கும் அனுப்பினான்.

அடியில் ஒரு வரி மிஞ்சியிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. ஊர் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் வாசலில் நின்ற பஸாலுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சாரன் உடுத்தவர்கள் எல்லாரும் கால் மூடிய சப்பாத்துப் போட்டிருந்தார்கள். தொப்பியும் சாரனும் கறுப்புச் சப்பாத்துமாக வரிசை வரிசையாக வந்தார்கள். இறக்காமத்திலிருந்து வந்த வயற்கார மச்சான் சேறு காய்ந்த இறப்பர் பூட்ஸோடு இறங்கினார். ஒரு சாச்சா தனக்குச் சப்பாத்து இல்லையென்று சொல்லி வெறுங்காலோடு நின்றார். செருப்புக்குத்தானே தடை, வெறுங்காலுக்கு இல்லையே என்று அவர் வாதாடினார். அவரோடு யாரும் வாதாடவில்லை.

பஸால் கைபேசியை எடுத்து அறிவித்தலின் அடிக்குப் போனான்.

‘செருப்பு அணிந்து வருவோர் உள்ளே அனுமதிக்கப்படமாட்டார்கள். நிர்வாகத்தின் முடிவே இறுதியானது.’

அவன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

அதிபர் மீராசாஹிபு நொண்டிக்கொண்டு வந்தார். காலில் பேரனின் விளையாட்டுச் சப்பாத்து. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னியது.

“பதியுதீன்!” அவர் குரலில் பந்தல் அடங்கியது. “இது கலியாணமா, பொலிஸ் பரேட்டா? செருப்போட வரக் கூடாதெண்டு எந்தக் கிதாபுல கிடக்கு? பாயில இருந்து சாப்பிடப் போற ஆக்களுக்கு என்னத்துக்குச் சப்பாத்து?”

மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். ஸஜாத் முன்னுக்கு வந்தான். ஏற்கனவே ஒரு தடவை கோபத்தை விழுங்கியவன். பஸால் தன் பெட்டிக்குள் எந்த உடுப்பு முதலில் போகும் என்று யோசிக்கத் தொடங்கினான்.

மாமா மெதுவாக நடந்து வந்தார்.

“சேர், போன கலியாணத்துக்கு நீங்க போட்டு வந்த தோல் செருப்பு எங்க?”

அதிபர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“யாரோ மாத்திப் போட்டுப் போயிட்டான்,” என்றார்.

“வீட்டுக்கு எப்படிப் போன நீங்க?”

“ஒண்டு நீலம், ஒண்டு பச்சை.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“செருப்பெண்டா எல்லாம் ஒண்டுபோலதான் கிடக்கும்,” என்றார் மாமா. “சப்பாத்தெண்டா ஆள் தன்ட சப்பாத்த அறியும். மருமகன் யோசிச்சு யோசிச்சுச் செஞ்ச வேலை இது.”

ஸஜாத் தலையாட்டினான். “என்டயும் போயிருக்கு,” என்றான். “புதுச் செருப்பு.”

அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தொலைந்த செருப்பின் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். நிக்காஹ் முடிந்தது. சஹன் வந்தது. மௌலவி டீஜே இடத்தில் இருந்து துஆ ஓதினார். பார் இருந்த இடத்தில் சர்பத் ஓடியது. சாப்பிட்டு எழும்பியவர்கள் சப்பாத்துக் குவியலில் தங்கள் தங்கள் சோடியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றுகூட மாறவில்லை. அதிபர் போகும்போது பஸாலின் தோளில் தட்டினார்.

“பள்ளிக்கும் இந்தச் சட்டத்தக் கொண்டுவருவம் தம்பி,” என்றார். காலில் விளக்கு மின்ன மின்னப் போனார்.

பின்னேரம் பஸால் காலி வளவில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தான். நெஞ்சு இலேசாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. ஆதம்பாவா கழுவிய சஹன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அல்லாஹ் காப்பாத்திட்டான் ஆதம்பாவா காக்கா,” என்றான் பஸால். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. “அது சஹன் பிளானே இல்ல. துபாய் நைட் கிளப் ஒண்டுட படம். மாமாக்குத் தெரியாமப் போனது என்ட நல்ல காலம்.”

ஆதம்பாவா கையிலிருந்த சஹனைத் துணியால் துடைத்து மற்றதன் மேல் வைத்தார்.

“தெரியாமப் போறதா? அந்தக் கிளப் வாசல்ல நிண்டு, செருப்போட வந்தவனையெல்லாம் திருப்பி அனுப்பின மனுசன் தம்பி உங்கட மாமா. நான் உள்ளுக்குக் கிளாஸ் கழுவினனான்.”