கோட்டேக்கு வத்தளை வழியாக

கொழும்பில் ஒருவர் வேண்டுமென்றே சுற்றுவழியில் போவது நடக்கிற காரியமல்ல. ஊரே சேர்ந்து அவரைத் திருத்திவிடும். சிவில் எஞ்சினியரிங் படித்த எனக்கு இதை மட்டும் யாரும் கற்பிக்கவில்லை.

அந்த வருடம் என்னோடு வேலை செய்த பெண்கள் திருகோணமலைக்குச் சைக்கிளில் போகத் திட்டமிட்டார்கள். எனக்கும் போக ஆசை. அப்பா நிபந்தனை வைத்தார்.

"முதல்ல கிட்டடியில எங்கயாவது ஓடிக் காட்டு பிள்ளை. எனக்கு ஒரு போன் வரக்கூடாது. பிறகு யோசிப்பம்."

நான் கோட்டேயைச் சொன்னேன். எங்கள் வீடிருந்த வெள்ளவத்தையிலிருந்து பக்கம்தான். "இஞ்சதானே, போ" என்றுவிட்டு, மீதியைக் கேட்காமல் அப்பா குளிக்கப் போய்விட்டார்.

மீதிதான் விஷயம். கொழும்புத் துறையில் இறங்கிய போர்த்துக்கேயரை, அரசன் இருந்த கோட்டே பக்கத்தில் இருப்பது தெரியக்கூடாதென்று, மூன்று நாள் காடுமேடெல்லாம் சுற்றிக் கூட்டிப்போனார்களாம். அந்தப் பாதை சரியாக எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆகவே நானே ஒன்றை வரைந்தேன்: துறைமுகப் பக்கம் கொட்டாஞ்சேனையில் தொடக்கம், களனி ஆற்றைக் கடந்து வடக்கே வத்தளை, கடுவெல, கடைசியில் கோட்டே. ஒரே நாளில். (போர்த்துக்கேயரிடம் கியர் சைக்கிள் இல்லைத்தானே!)

கொட்டாஞ்சேனையில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் எங்கே போகிறேன் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். சிங்களத்தில் பதறிப்போனார்.

"ஐயோ நங்கி, கோட்டே அற பெத்தே!"

தங்கச்சி, கோட்டே அந்தப் பக்கம் என்று தெற்கே கைகாட்டி, நான் திரும்பும் வரை நகரவில்லை. அந்த நல்ல மனிதரின் கண்ணில் படாமல் மறுபடி வடக்கே போக, மீன் நாறும் இரண்டு ஒழுங்கைகளுக்குள் ஒளிந்து போகவேண்டியிருந்தது.

வத்தளையில் ஒரு தேவாலய வாசலில் தோழி டில்ருக்ஷி வந்து சேரவேண்டும். அவள் வருமுன் என் சைக்கிள் சங்கிலி இறுகிக்கொண்டது. உள்ளே கல்யாணப் பூசை. கோட்டும் டையுமாக வெளியே நின்ற மாப்பிள்ளையின் தம்பி, பாவம், முழங்காலில் நின்று சங்கிலியோடு மல்லுக்கட்டத் தொடங்கினார்.

அந்தக் கல்யாணத்துக்கு அப்பாவின் சிநேகிதர் அந்தோனி அங்கிளும் வந்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் கண்டது இதுதான்: தேவாலய வாசல், பையோடு நான், என் முன்னால் முழங்காலில் நிற்கும் ஒரு கோட் போட்ட பொடியன்.

அப்பாவுக்குப் போன் போனது.

சித்தப்பாவின் வான் வந்து நின்றபோது சங்கிலி இன்னும் சரிவரவில்லை. முதலில் அப்பா இறங்கினார், பொடியனைப் பார்த்தார்.

"தம்பி, எவ்வளவு காலமா?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும் அங்கிள். நல்லா இறுகிப்போச்சு."

அப்பா வானைப் பிடித்துக்கொண்டார். பின்னால் அம்மா, கையில் சிவப்புப் பட்டுச்சேலையோடு.

"எப்பிடியும் நடக்கப் போகுதெண்டா, இந்தக் காற்சட்டையோட நிக்காத பிள்ளை. ஆக்கள் பாக்கினம்."

நான் பதறாமல் (அப்படித்தான் நினைத்தேன்) போர்த்துக்கேயரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா இந்த முறை முழுவதும் கேட்டார்.

"அவங்களை மற்றவங்கள் ஏமாத்திக் கூட்டிக்கொண்டு போனவங்கள். உன்னை ஆர் ஏமாத்தினது?"

டில்ருக்ஷி வந்து சேர்ந்தபோது என் சைக்கிள் வானின் கூரையில் இருந்தது. என்னோடு வேலை செய்த பெண்கள் நானில்லாமலே திருகோணமலைக்குப் போனார்கள்.

பிறகு எனக்கும் முறைப்படி கல்யாணம் நடந்தது. அந்தோனி அங்கிள் மேடையேறி, என் கணவரின் கையைக் குலுக்கியபடி சொன்னார்:

"கவனமாப் பாத்துக்கொள்ளும் தம்பி. எங்கட ஆக்களில மாப்பிள்ளை இல்லாமலே ஓடிப்போன ஒரே பிள்ளை இவதான்."

இப்போது என் மாமியாரும் என்னை விருந்தினருக்கு அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்.