வாரத்துக்கு இருபது மணி நேரம்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: அறுபத்தேழு வயது மெக்கானிக் ஒருவர், அரசாங்கப் பென்ஷனையும் வாங்கிக்கொண்டு, துணித் தொழிற்சாலையில் வாரம் நாற்பது மணி நேரம் தையல் மெஷின்களைப் பழுதும் பார்த்து, சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவி வந்தார். இந்த மாபெரும் குற்றத்தைக் கண்டுபிடித்தவர் அவருடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்குத் தெரியாத சட்டம் கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்வார்.

"மாமா, பென்ஷன் வாங்குறவங்க வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்தா, பென்ஷனை நிறுத்திடுவாங்க."

மெக்கானிக்கின் கையில் இருந்த காபி ஆறிப்போனது. பென்ஷன் வீட்டு வாடகைக்கு. சம்பளம் மற்ற எல்லாவற்றுக்கும். இரண்டில் ஒன்று போனாலும் குடித்தனம் நொண்டும்.

மறுநாளே மேனேஜரிடம் போய், இனி பாதி நேரம்தான் வருவேன் என்றார். மேனேஜர் அரை மனதாகச் சம்மதித்தார். மெஷின்கள் சம்மதிக்கவில்லை. அவர் இல்லாத மத்தியானமாகப் பார்த்து நூலை அறுத்தன, ஊசியை ஒடித்தன. தொழிற்சாலையிலிருந்து போன் வரும். இவர் வீட்டிலிருந்தே வழி சொல்வார்.

போனில் சொல்வதும் வேலைதான், அதையும் மணிக்கணக்கில் சேர்ப்பார்கள் என்றார் மாப்பிள்ளை.

அதனால் போன் மனைவி கைக்குப் போனது. இவர் மனைவியிடம் சொல்வார்; அவள் போனில் சொல்வாள். மனைவியோடு பேசுவதை எந்தச் சட்டமும் வேலையாகக் கருதுவதில்லை. சட்டம் எழுதியவர்கள் பிரம்மச்சாரிகளாக இருக்கலாம்.

மூன்றாவது வாரம் அவள் இவர் சொல்லக் காத்திருக்கவில்லை.

"பாபின் கேஸைக் கழட்டி உள்ள இருக்கிற பஞ்சை ஊதுப்பா. சரியாயிடும்."

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார் மெக்கானிக்.

"முப்பத்தஞ்சு வருஷமா சாப்பிட உட்கார்ந்தா வேற என்ன பேசியிருக்கீங்க?"

மாப்பிள்ளை நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "இது பினாமி, மாமா. ஜெயிலே உண்டு."

மறுநாள் காலை மெக்கானிக் சரணடைவதற்காகப் பென்ஷன் அலுவலகம் போனார். கவுண்டரில் இருந்த பெண் பிறந்த தேதியைப் பார்த்தாள்; அவரைப் பார்த்தாள்.

"ஐயா, அந்த விதி அறுபத்தஞ்சுக்கு முன்னாடியே பென்ஷன் வாங்குறவங்களுக்கு. உங்களுக்கு மணிக்கணக்கே கிடையாது. தெம்பு இருந்தா நாள் முழுக்க வேலை பாருங்க."

மெக்கானிக் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பழைய முழுநேர வேலையைத் திரும்பக் கேட்கத் தொழிற்சாலைக்கு நடையாய் நடந்தார். வாசலில் காவலாளி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"அந்த இடத்துக்குக் காலையிலதான் ஆள் எடுத்தாங்க. நாலு மெஷின் ஒரேயடியா நின்னுபோச்சு. போன்ல சொல்லி ஆகலைன்னு உங்க வீட்டம்மா நேர்லயே வந்து சரி பண்ணாங்க. மேனேஜர் விடல, அவங்களையே மெக்கானிக்காச் சேர்த்துட்டார்."

மெக்கானிக் வந்த வழியே திரும்பினார்.

"நீங்களும் முழுநேரம் வரலாமாம்," என்றார் காவலாளி. "அவங்களுக்கு ஒரு கையாள் வேணுமாம். வயசு தடையில்லையாம்."