கல்வெட்டு அண்ணையும் பத்தொன்பது சோடிச் செருப்புகளும்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே நூறு வயதைத் தாண்டிய கல் எங்கே கிடந்தாலும், அதைக் கல்வெட்டு அண்ணை ஒருமுறையாவது தடவிப் பார்த்திருப்பார். அவருடைய உண்மைப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

அந்தப் பட்டப்பெயரால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் ஆட்கள் செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்துக்கும் கல்வெட்டு என்றுதானே பெயர். ஒருமுறை யாரோ ஒருவர் மாமனாரின் படத்தோடு அவரிடம் வந்துவிட்டார்.

"அண்ணை, ஒரு கல்வெட்டு வேணும். ஆள் நல்ல பழைய ஆள்."

"அப்பிடியோ? எந்த வருசம் கட்டினது?" என்று கேட்டார் அண்ணை.

எங்கள் குடியிருப்பான மல்வேர்னிலிருந்து விட்பி ஊரில் இருந்த ஒரு பொதி கட்டும் தொழிற்சாலைக்கு நாங்கள் ஐந்து பேர் அவருடைய வான் வண்டியில் போய்வந்தோம். நெடுஞ்சாலையில் போனால் அரை மணி நேரம். அண்ணைக்கு நெடுஞ்சாலை பிடிக்காது. "அதில பாக்க என்ன இருக்கு?" என்று சோளக் காட்டுப் பாதையில் வானைத் திருப்புவார். வழியில் பழைய தேவாலயம் ஏதும் தென்பட்டால் பிரேக் தானாகவே விழும்.

"உந்த ஜன்னலைப் பாருங்கோ. மேல கூராப் போகுது. இங்கிலாந்தில ஒரு கிராமத்துக் கோயிலைப் பாத்து அப்பிடியே கட்டியிருக்கிறாங்கள்."

"அண்ணை, ஏழு மணிக்கு பெல் அடிச்சிடும்!"

"இஞ்சயும் பெல் இருக்கு தம்பி. அது கப்பலில வந்தது."

அண்ணை பரம்பரைச் சைவர். வெள்ளிக்கிழமை தவறாமல் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போவார். அங்கேயும் கும்பிட்டு முடித்ததும் தூணைத் தட்டிப் பார்த்து, "இன்னும் வயசு காணாது, நூறு ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார்.

ஒரு வியாழக்கிழமை வானில் அவர் வாயே திறக்கவில்லை. இரண்டு தேவாலயங்களைத் தாண்டியும் வான் நிற்கவில்லை. எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"பூட்டப் போறாங்களாம்."

"ஃபக்டரியையோ?" என்று நாங்கள் அலறினோம்.

"கோயிலை."

விட்பிக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் நின்ற ஒரு சின்னக் கல் தேவாலயம் அது. அண்ணைக்கு அதுதான் செல்லப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருபவர்கள் ஏழு பேர். அவர்களில் இளையவரான மாகரெட் என்ற எண்பது வயது அம்மாதான் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிறு திருச்சபை மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து ஆட்கள் வருகிறார்களா என்று பார்ப்பாராம். பார்த்துவிட்டு விற்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்வாராம்.

"நாங்கள் போவம்" என்றார் அண்ணை.

"எங்க?"

"பூசைக்கு."

எப்படித்தான் சம்மதித்தோமோ தெரியாது. ஞாயிறு காலை வீட்டு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டு வான்களில் பத்தொன்பது சைவர்கள் போய் இறங்கினோம். என் பெரிய மச்சாளின் மாமியார் ராணி அன்ரி, காஞ்சிபுரம் சேலையும் கையில் அருச்சனைத் தட்டுமாக வந்திருந்தார். "தம்பி, தேங்காய் எங்க உடைக்கிறது?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். நான் தட்டை வாங்கி வானுக்குள் வைத்தேன்.

வாசலில் எல்லோரும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினோம். கோட் சூட்டோடு வந்த மேலிடத்து மனிதர் பத்தொன்பது சோடிகளையும் தாண்டித் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருந்தது.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அவையள் செய்யிறதைப் பாத்துச் செய்யுங்கோ" என்று அண்ணை சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஏழு பேரும் கடைசி மர வாங்கிலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வாங்குகள் எங்களுக்கு வந்தன. அவர்கள் எப்போது எழும்புகிறார்கள் என்று பார்க்க, பத்தொன்பது பேரும் கழுத்தைப் பின்னால் திருப்பியபடியே ஒரு மணி நேரம் வழிபட்டோம். நாங்கள் எழும்பியபோது அவர்கள் இருந்தார்கள். நாங்கள் இருந்தபோது அவர்கள் பாடினார்கள்.

எல்லாம் முடிந்ததும் மேலிடத்து மனிதர் நேரே ராணி அன்ரியிடம் வந்தார். எவ்வளவு காலமாக இங்கே வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன் அவர்" என்றார் அன்ரி. "ஃபுல் ட்ராஃபிக்."

அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணையின் பக்கம் திரும்பினார். நீங்கள் கிறிஸ்தவரா என்று கேட்டார். அண்ணை ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாகரெட் அம்மாவும் கையைப் பிசைந்துகொண்டு அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இல்லை, சேர். நாங்கள் சைவம்."

"பிறகேன் வந்தீர்கள்?"

அண்ணை அவரைச் சுவரோரம் கூட்டிப்போனார். அங்கே, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறி, ஒரே குளிர்காலத்தில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருந்தன. அண்ணையின் ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இவையளுக்கு அப்ப இருக்கிறதுக்கே ஒழுங்கான வீடில்லை, சேர். ஆனா ஊரில இருந்த மாதிரியே ஒரு கோயிலைக் கட்டியிருக்கினம். அது ஏனெண்டு உங்களுக்கு விளங்குதோ தெரியாது. எங்களுக்கு விளங்கும்."

அந்த மனிதர் கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். போகும்போது எங்கள் செருப்புகளைச் சுற்றிக்கொண்டு மிகக் கவனமாக நடந்துபோனார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. வாராவாரம் பூசை இல்லை; மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும். ஆனால் விற்கமாட்டார்கள். மாகரெட் அம்மா தனக்கு முழங்கால் ஏலாது என்று சொல்லி, உள்ளங்கை நீளமிருந்த, கோயில் பூட்டின் இரும்புத் திறப்பை அண்ணையின் கையில் வைத்தார். அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கினார். எத்தனையோ வருடமாக வாடகைக்கு பேஸ்மெண்டில் இருக்கும் மனிதர். இப்போது ஒரு முழுக் கட்டடமே அவர் பொறுப்பில்.

"கவனமாப் பாப்பன், அம்மா" என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாவும் தலையாட்டினார்.

இப்போதெல்லாம் முதல் ஞாயிறுகளில் நானும் அவரோடு போகிறேன். எனக்குக் கட்டடமும் தெரியாது, ஜெபமும் தெரியாது. அந்தப் பெரிய கதவை அவர் தள்ளித் திறக்கிற நேரம், பக்கத்தில் நம்மவர் ஒருவர் நிற்கவேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான்.