ஆறு மீற்றர் இருபது

"ஆறு மீற்றர் இருபது," என்று மனைவி ஜெனீற்றா மூன்றாவது தரமும் சொன்னபோது லியோனுக்குப் புட்டு தொண்டையில் நின்றது.

அவன் அல்லைப்பிட்டிக் கடலில் பதினைந்து வருடமாக வலை வீசுகிறவன். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். மூன்று மாதங்களுக்கு முன் அங்கே வசீகரன் என்றொரு பயிற்றுநர் பட்டணத்திலிருந்து வந்தான். அன்றிலிருந்து கறிக்கு உப்புப் போடும்போதும் அவள் வாயில் வசீகரன் சேர்தான்.

"என்னத்தை எறிஞ்சவர் உங்கட சேர்?"

"மெடிசின் போல் எண்ட பாரப் பந்து. மூண்டு கிலோ. சுவரோட சாய்ஞ்சு, காலை நீட்டி இருந்து, நெஞ்சில வைச்சு ரெண்டு கையாலயும் தள்ளவேணும். ஒரு நொடியில உடம்பு எவ்வளவு பலத்தைக் காட்டுது எண்டு பாக்கிற சோதனை."

"இருந்துகொண்டு எறியிறதும் ஒரு எறியலோ?"

"எறிஞ்சு பாத்தால் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

லியோன் பழைய உதைபந்து ஒன்றில் கடல்மணலை இறுக்கி அடைத்து, வலை நூலால் தைத்தான். குசினிச் சுவரோடு சாய்ந்திருந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினான். பந்து அவனுடைய கால் பெருவிரலில் விழுந்தது.

நொண்டிக்கொண்டே பந்தை மீன் சந்தைக்குக் கொண்டுபோய் எமிலி அக்காவின் தராசில் வைத்தான்.

"இதென்ன மீன் லியோன்? கண்ணுமில்லை, செட்டையுமில்லை."

"நிறையைச் சொல்லுங்கோ அக்கா."

"ஒன்பது கிலோ."

லியோனுக்கு உயிர் வந்தது. ஒன்பது கிலோவை எறியப் பழகினால் மூன்று கிலோ அக்கரை மண்டைதீவு வரைக்கும் போகாதா? நான்கு நாள் விடாமல் எறிந்தான். ஐந்தாம் நாள் நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் போனது.

எண்ணெய் தேய்த்துவிட்ட ஜெனீற்றா, "வசீகரன் சேருக்கு நாரிப்பிடிப்பு எடுக்கத் தெரியும். வீட்டை வரச் சொல்லட்டோ?" என்றாள்.

"ஒருத்தரும் வரவேண்டாம். நானே அங்க வாறன். எறியத்தான் வாறன்."

மறுநாள் மைதானத்தில் வலைப்பந்துப் பெட்டைகள் எல்லோரும் கூடி நின்றார்கள். வசீகரன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வாங்கோ அண்ணை. உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டனான்." அவன் முகம் இறுகியிருந்தது. திமிர் என்று லியோன் நினைத்துக்கொண்டான்.

லியோன் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி இருந்தான். மூன்று கிலோப் பந்து கையில் பஞ்சுபோல இருந்தது. ஆனால் அவன் உடம்புக்குத் தெரிந்த எறிதல் ஒன்றே ஒன்றுதான், வலை வீச்சு. தள்ளவேண்டிய நேரத்தில் இடுப்பு தானாகத் திரும்பியது. தோள் சுழன்றது. வலைக் கயிற்றைக் கடிப்பதுபோலப் பல்லும் இறுகியது. பந்து பக்கவாட்டில் போய்த் தண்ணீர்க் குழாயடியில் விழுந்தது.

ஜெனீற்றா நாடாவைப் பிடித்து அளந்தாள். "ரெண்டு மீற்றர் பத்து," என்றாள், கேட்டும் கேளாமலும்.

பெட்டைகள் சிரித்தார்கள். லியோனால் எழும்ப ஏலவில்லை. வசீகரன்தான் ஓடிவந்து இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினான். "பரவாயில்லை அண்ணை, பரவாயில்லை," என்றபோது அவன் முகம் பெருநாள் காலைபோல மலர்ந்திருந்தது. லியோனுக்கு அதுதான் நாரியைவிட நொந்தது.

பள்ளிக்கூட வாச்சர் மயில்வாகனம் அவனைத் தாங்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றினார். ஏற்றிவிட்டுக் குனிந்து, காதுக்குள் சொன்னார்:

"மனசில வைக்காதையும் தம்பி. 'என்ர மனுசன் இருந்த இருப்பில எட்டு மீற்றர் எறிவார்' எண்டு ரீச்சர் ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி, அந்த வசீகரன் பாவம், மூண்டு மாதமா ஒழுங்காச் சாப்பிடேல்லை."