மார்கரீட் எடுத்த உண்ணி

“ரத்தப் பரிசோதனைல பத்துக் கோட்டுல அஞ்சு தெரிஞ்சாதான் லைம் நோய். உங்களுக்கு ரெண்டுதான் தெரியுது, ஹாலிஸ். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

ஹாலிஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஐம்பத்தெட்டு வயது, இரும்புக்கடையில் சாவி வெட்டும் வேலை, மனைவி இறந்து ஆறு வருடம். நெஞ்சு படபடக்கிறது, முழங்கால் தள்ளாடுகிறது, சோறு தண்ணி இறங்கவில்லை. உண்ணி கடித்து வரும் இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் ஊரே ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. இங்கே பிடிக்காமல் வேறு எங்கே போய்ப் பிடிக்கும்?

“உண்ணி கடிச்சது நிஜம், டாக்டர். பக்கத்து வீட்டு மார்கரீட்தான் எடுத்தாங்க.”

அது மே மாதம். வேலியோரம் சருகு வாரிக்கொண்டிருந்தவரை மார்கரீட் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புல்லில் இறங்கினால், கடுகளவுகூட இல்லாத உண்ணியை உடம்பு முழுக்கத் தேடுவது அந்த ஊர் வழக்கம். முன்பக்கம் நாமே பார்த்துக்கொள்ளலாம். பின்கழுத்துக்கு இன்னொருவர் வேண்டும்.

“உங்க கழுத்த யாரு பாக்குறா?”

“யாருமில்ல.”

“அட கஷ்டமே! உக்காருங்க.”

பத்து நிமிடம் தேடினாள். அவள் கையில் எலுமிச்சையும் கேக் மாவும் மணத்தன. ஆறு வருடமாக யாரும் தொடாத கழுத்து அது. ஹாலிஸ் மூச்சுவிடவும் பயந்தார்.

“கிடைச்சிடுச்சு! அசையாதீங்க!”

எடுத்ததை ஒரு மாத்திரைப் பாட்டிலில் போட்டு மூடி, உறைபெட்டியில் வைத்தாள். நாளைக்கு நோய் வந்தால் பரிசோதிக்க வேண்டுமே என்று அங்கே எல்லோரும் செய்வதுதான். அவருக்குக் கறுப்புக் கசகசா போட்ட கேக் ஒரு துண்டு கொடுத்தனுப்பினாள். படபடப்பு அன்றைக்கு ஆரம்பித்தது.

ஹாலிஸ் டாக்டரை விடவில்லை. நச்சரித்து நச்சரித்து மாத்திரை வாங்கினார். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை வெயிலில் போகக் கூடாதாம். போச்சுடா! மார்கரீட் தோட்டத்துக்கு வருவதே வெயிலில்தான். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, அவள் தக்காளிக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்து ஏங்கினார். ஒரு நாள் அவள் வாசலில் ‘வீடு விற்பனைக்கு’ என்று பலகை முளைத்தது. அன்றோடு தூக்கமும் போயிற்று.

“என்ன ஹாலிஸ், ஆளையே காணோம்?” ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றாள்.

“மாத்திரை. வெயில் ஆகாது.”

“தங்கச்சியோட இருக்க ஃப்ளோரிடா போறேன். அன்னிக்கும் ஜன்னல் வழியாதான் கையாட்டுவீங்களா?”

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. நோயாளி எந்த முகத்தோடு கேட்பது? முதலில் குணமாக வேண்டும்.

கடைக்கு வந்தவர்களைக் கேட்டார். டாக்டர் ஆஸ்ட்ரிட் லைம் நோயைக் கரைத்துக் குடித்தவர் என்றார்கள். பார்க்க நான்கு மாதம் ஆகுமாம்.

“பேச்சு குழறுதுங்க,” என்று போனில் புளுகினார்.

“நல்லாத்தானே பேசுறீங்க?” என்றாள் அந்த டாக்டரின் உதவியாளர் ரொவீனா.

“இப்ப மட்டும்தான்!”

சிரித்துவிட்டு அவள் இடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி. அதே வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தான் மார்கரீட்டின் சாமான் லாரி கிளம்புகிறது. ஹாலிஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

“உண்ணியையும் கொண்டுவரச் சொன்னாங்க,” என்று மார்கரீட்டிடம் போய் நின்றார்.

அவள் முகம் சிவந்துபோயிற்று. “அது எதுக்கு இப்ப? பழசு. தூக்கிப் போட்டுடலாமே.”

“ஐயோ, வேணும்.”

பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

கழுத்தில் உண்ணி எடுத்த கதையையும் மூன்று மணி லாரியையும் சொல்லிப் பாட்டிலை ரொவீனாவிடம் கொடுத்துவிட்டு ஹாலிஸ் உள்ளே போனார். டாக்டர் ஆஸ்ட்ரிட் பொறுமையாகக் கேட்டார். ஹாலிஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படபடப்பு எப்ப வரும்?”

“வேலிப் பக்கம் போனா.”

“தூக்கம் எப்ப போச்சு?”

“பலகை வெச்ச அன்னிக்கு.”

“என்ன பலகை?”

“பக்கத்து வீட்ட விக்கிறாங்க. மூணு மணிக்கு லாரி.” அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “சீக்கிரம் குணமாக்குங்க டாக்டர். ஆரோக்கியமா ஒரு தடவ அவங்க முன்னாடி நிக்கணும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நேரம் பூதக்கண்ணாடியும் பாட்டிலுமாக ரொவீனா உள்ளே வந்தாள்.

“இதுக்குக் காலே இல்ல டாக்டர், இது கேக்குல போடுற கசகசா,” என்றவள் ஹாலிஸ் பக்கம் திரும்பினாள். “கழுத்த விட மனசில்லாமதான் சார் அவங்க இத உண்ணின்னு சொல்லியிருக்காங்க. மணி ரெண்டரை, ஓடுங்க!”